டீசலுக்கு மாறிய ரொட்டி வண்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் ஒரு சின்ன ரொட்டிக் கடை நடத்தினோம். ரொட்டியும் பன்னும் என் பொறுப்பு. மக்ரூன் அவளுடையது. முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து நுரை நிற்கும் வரை அடிப்பாள். பொடித்த முந்திரிப்பருப்பைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிவாள். ஒவ்வொன்றும் கீழே அகன்று மேலே கூராக நிற்கும். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சியிருக்கும் சூட்டிலேயே அது மெல்லக் காய வேண்டும். அந்தக் கூர் உடையாமல் கடை கடையாகப் போய்ச் சேர்ப்பது என் வேலை.

அதற்காக ஒரு பழைய பிக்கப் வேன் வைத்திருந்தோம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓட்டித் தள்ளிவிட்டது. பெட்ரோல் இன்ஜின். பின்பக்கம் தகரப் பெட்டி கட்டி, உள்ளே தட்டுகள் அடித்து, மக்ரூன் டின்களை அடுக்குவேன். வாரத்தில் இரண்டு நாள் தெற்கே ஆத்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல். ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம். மற்றொரு நாள் வடக்கே குளத்தூர், விளாத்திகுளம். மிச்ச நாட்களில் ஊருக்குள்ளேயே சுற்று.

ஓடுகிற நேரத்தில் அந்த வண்டியைப் போல இன்னொன்று கிடையாது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். டின்னைத் திறந்தால் மக்ரூன் காலையில் வைத்தபடியே நிற்கும். ஆனால் ஓட வேண்டுமே! இரண்டு பக்கமும் உப்பளம், ஒரு பக்கம் கடல். இரவில் நிறுத்தி வைத்தால் காலையில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பாயிண்டைத் தேய்க்க வேண்டும், பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். வெயில் காலத்தில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதற்கென்று ஒரு ஈரச்சாக்கு எப்போதும் சீட்டுக்கடியில் கிடக்கும். பம்பின் மேல் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு ஐப்பசியில் ஆத்தூர்ப் பாலத்துக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தேன். சாரமே நனைந்திருந்ததால் துடைக்கத் துடைக்க ஈரம்தான் ஏறியது. கடைசியில் ஒரு ரொட்டியைப் பிய்த்து அதன் உள்சதையால் ஒற்றி எடுத்தேன். வண்டி கிளம்பியது. ரொட்டியால் வண்டியைக் கிளப்பியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவர் காயல்பட்டினத்துக்காரர். தூத்துக்குடியின் வட எல்லையில், குளத்தூர் போகும் சாலையில் ஒரு ஷெட் போட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனை அழைப்பது போல நான் அவரைக் காக்கா என்பேன். கொழும்பில் கார் ஒர்க்ஷாப்பில் வேலை கற்றவர். பெட்ரோல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பிளக் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார். இரண்டு தடவை தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாவது தடவை இன்ஜின் ஆயில் குடித்துப் புகை தள்ளத் தொடங்கியபோது, கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"தம்பி, இனி போர் போட எடமில்ல. ஸ்லீவ் அடிச்சுப் பழைய அளவுக்குக் கொண்டாரலாம். கொஞ்ச வருஷம் ஓடும்."

அந்த நேரத்தில் என் மனைவியின் அண்ணனும் கூட இருந்தார். மீன்பிடி விசைப்படகில் இன்ஜின் டிரைவர். அரபு நாடுகளில் எண்ணெய் விலை ஏறி, பெட்ரோல் போடுகிறவர்கள் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. மச்சான் சும்மா இருப்பாரா?

"மாப்ளே, உப்புக் காத்துல கரண்ட நம்பி ஓடுற இன்ஜின் எதுக்கு? டீசல்ல பிளக் கெடயாது, பாயிண்ட் கெடயாது. எங்க போட்டுல தண்ணி மேல மேல வந்து அடிக்கி. அது பாட்டுக்கு ஓடுது. எண்ணெய் ஊத்துனா போதும், உங்க காலத்துக்கும் ஓடும்."

காக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "போட்டுல ஓடுறது வேற, ரோட்டுல ஓடுறது வேற. பெட்ரோல் நின்னா ஒரு ஸ்குரூடிரைவர் போதும், ஓரமா நிறுத்திச் சரி பண்ணிட்டுப் போயிரலாம். டீசல் லேசுல நிக்காது, ஒத்துக்கிடுதேன். நின்னா? கயிறு கட்டித்தான் இழுக்கணும்."

"நிக்கவே நிக்காதுங்கேன்."

"நிக்காத இன்ஜின் உலகத்துல எங்கன இருக்கு, சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

வீட்டில் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "மழையில நிக்காதுல்லா?"

"நிக்காதுன்னுதான் உங்க அண்ணன் சொல்லுதாரு."

"அப்ப மாத்துங்க. ஒவ்வொரு மழைக்கும் நீங்க வாரிய வரலன்னு வாசலப் பாத்துட்டு நிக்க என்னால ஆவாது."

மச்சான் எங்கேயோ அலைந்து, விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து நல்ல நிலையில் இருந்த டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தார். பொருத்துவதற்குக் காக்காவின் ஷெட்டை விட்டால் வேறு இடமில்லை. முதலில் முறைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் மச்சான் கியர்பாக்ஸோடு இன்ஜினைச் சேர்க்க ஒரு தகட்டை வெட்டி, துளைகளைத் தவறான இடத்தில் குறித்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸைப் பிடுங்கித் தானே குறித்தார். அதன் பிறகு பத்து நாளும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சேர்ந்து வேலை செய்தார்கள். டீசல் இன்ஜின் கனம் என்பதால் முன்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. வண்டிப் புத்தகத்தில் பெட்ரோல் என்பதை டீசல் என்று மாற்றிப் பதிய நான் திருநெல்வேலிக்கு மூன்று முறை போய் வந்தேன்.

முதல் ஓட்டம் ஸ்ரீவைகுண்டத்துக்கு. சாவியைத் திருகி ஹீட்டர் சிவக்கும் வரை காத்திருந்து கிளப்பினேன். தெருவே எழுந்துவிட்டது. கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் ஆடின. ஆனாலும் ஏற்றத்தில் கியர் மாற்றாமலேயே இழுத்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே போனேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் கோயில் தெருக் கடைக்காரர் முதல் டின்னைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மக்ரூன் கொண்டாந்தியளா, மாவு கொண்டாந்தியளா?"

எட்டிப் பார்த்தேன். ஒரு மக்ரூனுக்குக்கூடத் தலை இல்லை. கூர்கள் எல்லாம் முறிந்து, உரசி, டின்னின் அடியில் வெள்ளைப் பொடியாகக் கிடந்தன. அடுத்த டின்னும் அப்படித்தான். பன்னை வாங்கிக்கொண்டார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டவர், "இதுல மண்ணெண்ணெ வாடை வருதே" என்று மெல்லுவதை நிறுத்தினார். புகை பின்கதவு இடுக்கு வழியாகப் பெட்டிக்குள் புகுந்திருக்கிறது.

திரும்பி வரும்போது விசில் வரவில்லை. வீட்டில் டின்களை இறக்கி வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உடைந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"ருசி போகல," என்றாள். பிறகு, "ஆனா இத மக்ரூன்னு யாரு வாங்குவா?"

"பெட்ரோலுக்கே மாத்திருவோமா?"

"பத்து நாளு ரெண்டு பேரு மெனக்கெட்டிருக்காவ. மறுபடி மாத்துங்கன்னா நல்லா இருக்குமா? இன்ஜின் ஆடட்டும். டின் ஆடாம இருக்க வழி பாருங்க."

வழியையும் அவளேதான் கண்டுபிடித்தாள். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கிழிந்துபோன நைலான் வலைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கி அடிக்கச் சொல்லி, வலையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் டின்களைப் படுக்க வைத்தாள். வண்டி எப்படி அதிர்ந்தாலும் வலை லேசாக ஊஞ்சலாடியதே தவிர, அதிர்வு டின்னுக்குள் போகவில்லை. காக்கா தன் பங்குக்குத் துறைமுகத்தில் கழித்துப்போட்ட தடித்த ரப்பர் பெல்ட்டை வெட்டி இன்ஜினுக்கு அடியில் மவுண்டிங்காக வைத்தார். சைலன்சர் குழாயைப் பின்னால் விடாமல் பக்கவாட்டில் திருப்பி, கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார். அடுத்த வாரம் ஸ்ரீவைகுண்டம் கடைக்காரர் டின்னைத் திறந்து ஒரு மக்ரூனை விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமே இல்லை. இதை நான் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறேன். மழை, வெயில், உப்பு, சேறு எதற்கும் நிற்கவில்லை. முன்பெல்லாம் எந்த நேரத்துக்கு வருவேன் என்று கடைக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். இப்போது என் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்தார்கள். மனைவி அடுப்படியிலிருந்தே சத்தம் கேட்டு, நான் தெருமுனை திரும்பும்போது டீயை ஆற்றத் தொடங்குவாள். பெட்ரோல் காலத்தில் தினமும் பானெட்டைத் திறந்தவன், டீசல் வந்த பிறகு வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று ஆகிவிட்டேன். பில்டர் மாற்றச் சொல்லி மச்சான் நினைவுபடுத்துவார். நாளைக்கு என்பேன்.

நான்காவது வருஷம் ஒரு வாரம் ஊரில் டீசல் தட்டுப்பாடு. பெட்ரோல் பங்குகளில் இருப்பு இல்லை. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு எட்டு டின் மக்ரூன் ஒப்புக்கொண்டிருந்தோம். மச்சான் படகுக்கென்று வாங்கி வைத்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு கேன் ஊற்றிக் கொடுத்தார். கல்யாணக்காரர்கள் நேரில் வந்து அழைத்திருந்ததால் மனைவியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

குளத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனோம். இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. வெள்ளைப் புகை விட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. உடைமரங்களைத் தவிர ஒன்றுமில்லை. ஏர்லாக் ஆகியிருக்கும் என்று நினைத்துக் குழாய் நட்டைத் தளர்த்திப் பம்பை அடித்து அடித்துக் காற்றை வெளியே எடுத்தேன். செல்பைத் திருகினேன். பேட்டரி ஓய்ந்ததுதான் மிச்சம். காக்கா சொன்ன கயிறு ஞாபகத்துக்கு வந்தது. கட்டி இழுக்க வண்டியும் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்று பார்த்தாள். தூரத்தில் விளாத்திகுளம் பஸ் வருவது தெரிந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"டின்ன எறக்குங்க."

"பஸ்ஸுலயா? கூரையில போட்டா ஒண்ணும் தேறாது."

"கூரையில யாரு போட்டா? நீங்க எறக்குங்க."

சாலை நடுவில் நின்று கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். கண்டக்டர், "என்னம்மா, சீர்வரிசையா?" என்று கேட்டிருக்கிறார். "மக்ரூன். கல்யாண வீட்டுக்குப் போவுது. கீழ வச்சா ஒடஞ்சிரும், ஆளுக்கு ஒண்ணு மடியில வச்சுக்கிடுங்க" என்று எட்டுப் பேர் மடியில் எட்டு டின்னை வைத்துவிட்டாள். ஒரு போலீஸ்காரர் மடியில் ஒன்று. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மடியில் ஒன்று. குழந்தையை ஒரு தொடையிலும் டின்னை இன்னொரு தொடையிலும் வைத்துக்கொண்ட பெண் ஒருத்தி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவர், "ஏ, மக்ரூனப் பிடிங்க!" என்று குரல் கொடுத்தாராம். விளாத்திகுளத்தில் இறங்கும்போது டின்னைத் திருப்பிக் கொடுத்த எட்டுப் பேருமே அது உடையவில்லையா என்று திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்து காட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

நான் வண்டியோடு உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடிப் பக்கம் போன ஒரு லாரிக்காரரிடம் சேதி சொல்லி அனுப்பினேன். ஷெட் அந்தச் சாலையிலேயே இருந்ததால் சேதி முதலில் காக்காவுக்குத்தான் போனது. அவர் ஆள் அனுப்பி மச்சானை வரவழைத்திருக்கிறார். மதியம் இரண்டு பேரும் ஒரு பேட்டரியையும் ஒரு கேன் டீசலையும் சாமான் பையையும் சுமந்துகொண்டு வேறொரு லாரியிலிருந்து இறங்கினார்கள்.

மச்சான் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றத் தொடங்கினார். காக்கா அவசரப்படவில்லை. பையிலிருந்து ஒரு வெறும் சோடா பாட்டிலை எடுத்து, வண்டியின் டேங்க் அடியிலிருந்து அதில் டீசலைப் பிடித்து, சாலையோரக் கல்லின் மேல் வைத்தார்.

"அத எதுக்கு வச்சிருக்கிய? மூடிபோட்டு விக்கப் போறியளா?" என்றார் மச்சான்.

"சும்மா இருக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர் தனியாக நின்றது. மேலே டீசல். மூவரும் குனிந்து பார்த்தோம். காக்கா விரலை நனைத்து நாக்கில் தொட்டுக்கொண்டு காறித் துப்பினார்.

"உப்பு."

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பீப்பாய் படகின் மேல்தளத்தில்தான் நின்றது, மூடி சரியாக இறுகவில்லை, அலை ஏறியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். "எங்க போட்டுல தண்ணி பிரிக்கிற பில்டர் பெருசு. அது தாங்கிச்சு. உங்க வண்டியில… என் தப்பு மாப்ளே."

காக்கா கேலி பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "பில்டர் மாத்தி எத்தன மாசமாச்சு தம்பி?" என்று என் பக்கம் திரும்பினார். நான் தலையைச் சொறிந்தேன். "அப்ப தப்பு ரெண்டு பேருக்கும் சமம்" என்று முடித்துவிட்டு, டேங்கைக் காலி செய்யக் குனிந்தார்.

டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, இறுகிப்போயிருந்த இரண்டு நாசிலுக்குப் பதிலாக மச்சான் கொண்டுவந்ததைப் பொருத்திக்கொண்டிருந்தபோது விளாத்திகுளத்திலிருந்து வந்த பஸ் நின்றது. அவள் இறங்கினாள். பட்டுப்புடவை கசங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. கையில் ஒரு பெரிய தூக்குவாளியும் வாழை இலைக் கட்டும். கல்யாண வீட்டில் நடந்ததைக் கேட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உடைமர நிழலில் வாழை இலையைப் பிரித்தோம். சாம்பார் சாதம், அவியல், அப்பளம், தனிக் கிண்ணத்தில் பாயசம். மூன்று ஆண்களின் கையும் முழங்கை வரை டீசல். அவள் பார்த்துவிட்டு, "கைய நீட்டாதிய" என்று சொல்லி, ஆளுக்கொரு உருண்டையாக உருட்டி வைத்தாள். ஒரு குச்சியை ஒடித்து அதில் குத்தித் தின்றார் காக்கா. சாப்பாட்டின் நடுவே மறுபடி சண்டை தொடங்கியது.

"மூணு வருஷத்துல ஒரு நாளு. பெட்ரோல்னா இந்நேரம் முந்நூறு நாளு நின்னிருப்பிய," என்றார் மச்சான்.

"முந்நூறு நாளும் கால் மணி நேரத்துல கெளம்பியிருப்பாரு. இன்னைக்கு எத்தன மணி நேரமாச்சு, எண்ணிப் பாருங்க."

"கூட்டிக் கழிச்சா டீசல்தான் லாபம்."

"பாயசத்தக் குடிங்க, ரெண்டு பேரும்," என்றாள் அவள்.

வெயில் சாயும் முன் இன்ஜின் கிளம்பியது. நாலு பேரும் முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தோம். அந்தச் சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் வழியெல்லாம் சமாதானமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டீசலைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். பில்டரை நாள் தவறாமல் மாற்றினேன். இன்ஜின் அதன் பிறகு என்னை நடுவழியில் விடவே இல்லை. விட்டுப் போனது வண்டியின் உடம்புதான். உப்புக் காற்று தகரத்தைத் தின்று, ஒரு நாள் பின் பெட்டியின் தரை பிய்ந்து தொங்கியது. தோணி கட்டும் ஓடாவி ஒருவரிடம் சொல்லி, மரத்தில் புதுப் பெட்டி செய்துகொண்டேன். தோணிப் பலகையைப் போலவே சந்துகளில் பஞ்சு திணித்து எண்ணெய் பூசினார். இன்ஜின் சத்தம் பாதியாகக் குறைந்தது. இப்படி ஒன்று ஆகும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை.

காக்காவும் மச்சானும் எங்கள் வண்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஐஸ் வண்டி, கருவாட்டு வண்டி என்று பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாற்றித் தரச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மச்சான் படகு போகாத நாட்களில் ஷெட்டில்தான் இருப்பார். வருகிற ஒவ்வொருவரிடமும் காக்கா முதலில், "ஏன் மாத்துதிய, பெட்ரோலே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

எது நல்லது என்று என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். தினமும் கொஞ்ச தூரம், ஊருக்குள் மட்டும் என்றால் பெட்ரோல் போதும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பேன். வருஷக் கணக்கில் சுமை ஏற்றித் தூரம் போக வேண்டுமென்றால் டீசல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது நிற்கவில்லை என்பதற்காக அதை மறந்துவிடாதீர்கள் என்பேன். கேட்டவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு எழுந்து போய்விடுவார்கள்.

மரப் பெட்டி கட்டிய பிறகு நானும் என் மனைவியும் முதலில் போனது புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்கு. கொண்டுபோன மக்ரூன் நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டது. வெறும் டின்களை வலையில் போட்டுவிட்டு, ஆறு கடலில் சேருமிடத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, அடுத்த வருஷம் இருபது டின் போட வேண்டும் என்றாள். தாங்குமா என்றேன். வண்டி தாங்கும், நீங்கதான் முட்டை அடிக்கப் படிக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.